இடைவயர் உள்ள கிற்றார் சிங்கிள் கொயில் பிக்கப்: பொட்டை (திருகுற குமிழை) இழுத்தால் சத்தம் செத்துப்போகுது, சுவிச்சை எப்பிடி இணைக்கிறது?

பரந்தன்_தந்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ட்ராற் வடிவ எலெக்ரிக் கிற்றார் ஒண்டு கழட்டினபடி மேசையில கிடக்கு, சேர்ச் இசைக்குழுவின்ர சாமான். பிக்கப் (தந்தியின்ர அதிர்வை மின்சாரமாக்கிற காந்தச் சுருள்) மூன்றும் சிங்கிள் கொயில்தான், ஒவ்வொண்டிலயும் ஒரே சுருள். ஆனால் ஒவ்வொண்டிலயிருந்தும் ரெண்டு வயருக்குப் பதிலா வெள்ளை, மஞ்சள், கறுப்பு எண்டு மூன்று வயர் வருது. கொயில் சுத்தேக்க இடையில வெளிய எடுத்துவிடுற வயர், டாப் எண்டு சொல்லுறது, மஞ்சளாத்தான் இருக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

முந்தி ஆரோ ரெண்டு டோன் பொட்டையும் (சத்தத்தின்ர பளிச்சைக் கூட்டிக் குறைக்கிற திருகு) இழுத்து அமத்துற பொட்டா மாத்தி, வெள்ளையை ஐந்து வழிச் சுவிச்சுக்கும் (எந்தப் பிக்கப் பாடவேணுமெண்டு தெரிவுசெய்யிறது), கறுப்பை எர்த்துக்கும், மஞ்சளைப் பொட்டின்ர சுவிச்சுக்கும் குடுத்திருக்கினம். பொட்டை இழுத்தால் மஞ்சள் எர்த்தில சேருது. அமத்தினபடி இருந்தால் சத்தம் நல்ல தடிப்பா வருது. இழுத்தால் பழைய ஸ்ட்ராற் மாதிரி மெல்லிசா, பளிச்செண்டு வரவேணும். வாறது என்னெண்டால் மூன்றில ஒரு பங்கு சத்தம், அதுவும் ரெலிபோனுக்குள்ளால கேட்ட மாதிரி. நடுப் பிக்கப் எந்த நிலையிலயும் மூச்சு விடேல்லை.

பொட் மூன்றும் 250 கிலோஓம். டோன் கப்பாசிற்றரில 473 எண்டு கிடக்கு. என்ர கேள்வி மூன்று. உந்த மஞ்சள் வயரை எங்க குடுக்கிறது? இழுக்கிற பொட்டே நல்லதோ, தனியச் சின்னச் சுவிச் போடுறதோ? நடுப் பிக்கப்பைத் தூக்கி எறிய வேண்டியதுதானோ? வயரிங் படங்கள் தேடினால் ஒண்டுக்கொண்டு ஒத்துவராமல் கிடக்கு.


ஈயக்கம்பி எழுதியது:

தம்பி, உங்கட கிற்றாரில கை வைச்ச ஆள் ஹம்பக்கர் பிரிக்கிற படத்தைப் பாத்து இணைச்சிருக்கிறார். நீங்கள் பாத்த படங்கள் ஒத்துவராததும் அதாலதான். ரெண்டும் வேற வேலை, ரெண்டையும் ஒரே பேரில ஆக்கள் போட்டு வைச்சிருக்கினம்.

ஹம்பக்கருக்குள்ள ரெண்டு கொயில் தொடரா நிக்குது. ரெண்டும் சேருற இடத்தை எர்த்தில போட்டால் ஒண்டு விலகும், மற்றது பாடும். உங்களிட்ட இருக்கிறது ஒரே காந்தங்களைச் சுத்தின ஒரே கொயில். உள்ளுக்குத் தொடங்கி ஒரு அளவு சுத்து சுத்தி, அங்க இடைவயரை வெளிய எடுத்து, அதுக்கு மேல இன்னும் சுத்தி முடிச்சிருக்கு. தொடக்கம் ஏற்கெனவே எர்த்தில கிடக்கு. இடைவயரையும் எர்த்தில போட்டால் உள்சுத்து முழுக்க ஷோட், அதின்ர ரெண்டு நுனியும் ஒண்டா ஒட்டின மாதிரி. மிஞ்சுறது வெளியில இருக்கிற கொஞ்சச் சுத்துத்தான், அதையும் ஷோட்டான உள்சுத்து அமத்திப் பிடிக்குது. உங்கட ரெலிபோன் சத்தம் அங்கயிருந்துதான் வருது.

சரியான முறை ஒண்டுதான். தொடக்கம் எப்பவும் எர்த்தில. சுவிச் வேலை செய்யவேண்டியது ஹொட் பக்கத்தில, அதாவது சத்தம் வெளிய போற பக்கத்தில: முடிவு வயரையோ இடைவயரையோ, ரெண்டில ஒண்டை மட்டும் எடுத்து ஐந்து வழிச் சுவிச்சுக்கு அனுப்புறது. எடுக்காத வயர் சும்மா தொங்கட்டும். அதை எர்த்திலயும் சேர்க்கக்கூடாது, மற்ற வயரோடயும் சேர்க்கக்கூடாது.

ஈயம் உருக்க முதல் மீற்றரை எடுங்கோ. நிறத்தை நம்பவேண்டாம், கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பிக்கப்பின்ர மூன்று வயரையும் சுவிச், பொட் எல்லாத்திலயும் இருந்து கழட்டி, 20 கிலோஓம் அளவில மூன்று சோடியையும் அளக்கவேணும். கூடின அளவு வாற சோடிதான் கொயிலின்ர ரெண்டு நுனி. அந்தச் சோடியில சேராத வயர் இடைவயர். மற்ற ரெண்டு அளவையும் கூட்டினால் பெரிய அளவு வரவேணும், வராட்டி எங்கயோ பிழை. ரெண்டு நுனியில எது தொடக்கம் எண்டது: இடைவயரோட அளக்கேக்க கூட ஓம் காட்டுற நுனி பெரும்பாலும் தொடக்கம், ஏனெண்டால் முதல் பகுதியிலதான் வழக்கமாச் சுத்துக் கூட. நிச்சயம் வேணுமெண்டால் பிக்கப்பின்ர அடித்தட்டைப் பாருங்கோ. காந்தத்துக்குக் கிட்டவா உள்ளுக்குப் போற மயிர்க்கம்பி தொடக்கம், கொயிலின்ர வெளித்தோலில இருந்து வாறது முடிவு. அதைப் பாக்கேக்க நகம், ஸ்குரூ டிரைவர் ஒண்டும் படக்கூடாது. கம்பியின்ர தடிப்பு 0.06 மில்லிமீற்றர் அளவுதான்.

பட்டியலில உள்ள ஓமோட நீங்கள் அளக்கிறது அச்சொட்டா ஒத்துவராட்டிப் பயப்பிடாதேங்கோ. செம்பு ஒரு பாகை சூடு கூட 0.39 வீதம் கூடும். 20 பாகையில அளந்து எழுதினது, கிளிநொச்சியில பத்து மணி வெயிலுக்கு 34 பாகை அறையில 5 வீதத்துக்கு மேல கூடக் காட்டும்.

இணைக்கிறது இப்பிடி. ஐந்து வழிச் சுவிச்சில பிக்கப் வயர் மூன்றும் வாற கால்களை மட்டும் வெறுமையாக்குங்கோ. வொலியூமுக்குப் போற வயர், டோன் பக்கத்து வயர் ஒண்டையும் தொடவேண்டாம். ஒவ்வொரு பிக்கப்புக்கும் மூன்று கால் உள்ள ஒரு சுவிச் வரிசை வேணும். நடுக்காலில இருந்து ஐந்து வழிச் சுவிச்சில அந்தப் பிக்கப்பின்ர பழைய காலுக்கு ஒரு வயர். ஒரு ஓரக்காலில முடிவு, மற்ற ஓரக்காலில இடைவயர். தொடக்கம் நேர வொலியூம் பொட்டின்ர முதுகுக்கு. அவ்வளவுதான்.

இழுக்கிற பொட்டின்ர அடியில ஆறு கால், மூன்று மூன்றா ரெண்டு வரிசை. அதாவது ஒரு பொட் ரெண்டு பிக்கப்பைத் தாங்கும். ஒரு டோன் பொட்டில கழுத்துப் பிக்கப்பையும் நடுவையும் போட்டு, மற்றதில பிறிட்ஜ் (தந்தி உடம்பில முடியிற பக்கம்) பிக்கப்பைத் தனியப் போட்டால் ஐந்து வழிச் சுவிச்சோட சேர்த்து 12 விதச் சத்தம் வரும். அமத்தினால் எந்தக் கால் சேரும், இழுத்தால் எது சேரும் எண்டதை மீற்றரில பீப் வைச்சுப் பாத்துக் குறிச்சிட்டுத்தான் ஈயம் பிடிக்கவேணும். எல்லாப் பொட்டும் ஒரே மாதிரி இல்லை.

ஈயம் பிடிக்கிறதில ஒண்டு. பொட்டின்ர முதுகுக்கு 40 வற் அயனுக்குக் குறைஞ்சால் ஈயம் உருண்டு நிக்கும், ஒட்டாது. முதல்ல முதுகைப் பிளேட்டால சுரண்டி, அங்க கொஞ்ச ஈயம் போட்டு, வயருக்கும் தனியப் போட்டு, பிறகு சேருங்கோ. சுவிச் காலில நேர்மாறு: மூன்று செக்கனுக்கு மேல அயன் நிண்டால் உள்ளுக்குள்ள பிளாஸ்ரிக் இளகிக் கால் சரியும். பிறகு மேலால சுவிச் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், உள்ளுக்குத் தொடுகை இராது. வயருக்கு லான் கேபிளை உரிக்கிற பழக்கம் ஊரில இருக்கு. அது ஒற்றைக் கம்பி, இழுக்கிற பொட் ஆடி ஆடிக் காலடியில முறியும். பல இழை வயரே வேணும்.


மாங்குளம்_மின்னன் எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு என்ர பக்கத்தையும் கேளுங்கோ. இழுக்கிற பொட் கிற்றாரில ஓட்டை போடாமல் வேலை முடிக்கும், உண்மை. ஆனால் மலிவு வகையில சுவிச் பகுதி கெதியா ஆடத் தொடங்கும். அதோட அது சாதாரணப் பொட்டை விட நல்ல ஆழம். சில மலிவுக் கிற்றாரில உடம்பு மெல்லிசு, குழியும் ஆழமில்லை, பொட்டைப் பூட்டித் தட்டை மூடேக்க கால்கள் குழியின்ர அடியில முட்டும். அடியில கொப்பர் தாள் ஒட்டியிருந்தால் அங்கயே ஷோட். வாங்க முதல் ஒரு தடியை விட்டுக் குழியை அளவுங்கோ.

இன்னொண்டு, தண்டு. சீனப் பொட்டில 6 மில்லிமீற்றர் தண்டு, 18 பல். அமெரிக்க வகையில 24 பல். பழைய நொப்பை (தண்டில பூட்டுற குமிழை) வலிஞ்சு அமத்தினால் வெடிக்கும். தட்டில உள்ள ஓட்டையும் வேற, சீனத்துக்கு 7 அல்லது 8 மில்லிமீற்றர், அமெரிக்கத்துக்கு 9.5.

எனக்குப் பிடிச்சது சின்ன நெம்புச் சுவிச். 6 மில்லிமீற்றர் ஓட்டை தட்டில போட்டால் காணும், மரத்தைத் தொடத் தேவையில்லை. மேடையில இருட்டில விரலால தடவியே எந்தப் பக்கம் நிக்குதெண்டு தெரியும். ஒண்டை மறக்காதேங்கோ: நெம்பு மேல நிண்டால் நடுக்காலும் கீழ்க்காலும்தான் சேரும். முழுச்சத்தம் மேல் நிலையில வேணுமெண்டால் முடிவு வயரைக் கீழ்க்காலில பிடியுங்கோ.

நடுவில நிக்கிற ஒன்-ஓவ்-ஒன் வகை மூன்று எடுத்தால் ஐந்து வழிச் சுவிச்சே வேண்டாம். ஒவ்வொரு பிக்கப்பும் முழுசு, நிப்பாட்டு, இடை எண்டு மூன்று நிலை. மூன்று நடுக்காலையும் ஒண்டாக்கி வொலியூமுக்கு. 26 விதம் வரும். அதில பத்தைக்கூட ஆரும் பாவிக்கப்போறதில்லை, அது வேற கதை. பாட்டுக்கு நடுவில மூன்று நெம்பையும் மாத்திக்கொண்டு நிக்கேலாது எண்டதால சேர்ச் குழுவுக்கு இதை நான் சொல்லமாட்டன்.

ஈயக்கம்பி அண்ணையிட்ட ஒரு சந்தேகம். ஹம்பக்கரில விலக்கின கொயிலை ஷோட் பண்ணித்தான் விடுறம், சத்தத்துக்கு ஒண்டும் ஆகிறேல்லை. இதில மட்டும் மிச்சச் சுத்தை ஏன் தொங்கவிடவேணும்? தொங்குற வயர் இரைச்சலை இழுக்காதோ? இடைவயரையும் முடிவையும் ஒண்டாச் சேர்த்துவிட்டால் வெளிச்சுத்து விலகிடும், ஓமும் சரியா வரும்.


நந்திக்கடல்_வயர் எழுதியது:

மின்னன், ஓம் அளவு சரியா வரும், அதுதான் அதில உள்ள பொறி. மீற்றர் நேர்மின்சாரத்தில அளக்குது, அதுக்கு ஷோட்டான பகுதி கண்ணில படாது. காதுக்குத்தான் படும்.

ஹம்பக்கரில ரெண்டு கொயிலுக்கும் தனித்தனி இரும்பு, பக்கத்துப் பக்கத்தில நிக்குது. ஒண்டின்ர காந்தப்பாயம் மற்றதுக்குள்ளால போறது குறைவு. அதால ஒண்டை ஷோட் பண்ணினால் மற்றதுக்குப் பெரிசாத் தெரியாது. இங்க உள்சுத்தும் வெளிச்சுத்தும் ஒரே காந்தத்தில ஒண்டுக்கு மேல ஒண்டு. இது ட்ரான்ஸ்போமர். வெளிச்சுத்தை ஷோட் பண்ணுறது ட்ரான்ஸ்போமரின்ர ரெண்டாம் பக்கத்தை ஷோட் பண்ணுறதுக்குச் சமன். தந்தி ஆடேக்க ஷோட்டுக்குள்ள மின்னோட்டம் ஓடி, வாற பாயத்தை எதிர்க்கும்.

எந்த அதிர்வெண்ணில இருந்து எதிர்க்கும் எண்டு கணக்குப் பாக்கலாம். மொத்தம் 10,000 சுத்து, தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கிற குணம்) 5 ஹென்றி எண்டு வையுங்கோ. அதில வெளிப்பகுதி 4,000 சுத்து. தூண்டம் சுத்தின்ர வர்க்கத்தோட போகும், அதால வெளிப்பகுதிக்கு 0.8 ஹென்றி. அதின்ர தடை ஒரு 5 கிலோஓம். தடையை 6.28 தர 0.8 ஆல பிரிச்சால் கிட்டத்தட்ட 1,000 ஹேர்ட்ஸ். அதுக்கு மேல உள்ள எல்லாம் அமுங்கத் தொடங்கும். இடைவயர் எடுக்கிறதே மேல்பக்கத்துப் பளிச்சுக்காக. அதையே கொண்டுபோட்டால் பிறகு ஏன் சுவிச்?

சரியா இணைச்சால் கிடைக்கிறதையும் அதே கணக்கில பாருங்கோ. கேபிளும் கொயிலும் சேர்ந்த மின்கொள்ளளவு 600 பிகோபரட் எண்டால், 5 ஹென்றி முழுக்கொயிலின்ர உச்சம் (ஆகக் கூடச் சத்தமா ஒலிக்கிற அதிர்வெண்) 2,900 ஹேர்ட்ஸ் கிட்ட. 6,000 சுத்தில எடுத்தால் தூண்டம் 1.8 ஹென்றியா இறங்கி, உச்சம் 4,800 கிட்டப் போகும். சத்தம் 4.4 டெசிபெல்தான் குறையும். பரந்தன் தம்பி எழுதின மூன்றில ஒரு பங்கு வாறதுக்கு நியாயமே இல்லை.

தொங்குற வயர் இரைச்சல் இழுக்கும் எண்டதில கொஞ்சம் உண்மை இருக்கு. மருந்து ஷோட் இல்லை. முடிவு வயரைச் சுவிச் வரைக்கும் கட்டையா வெட்டி, எர்த் வயரோட முறுக்கி விடுங்கோ. குழிக்குக் கொப்பர் தாள் ஒட்டி எர்த் பண்ணினால் இன்னும் நல்லது. சமையலறை அலுமினியத் தாளில ஈயம் பிடிக்காது, அதைவிட்டிட்டு வேற பாருங்கோ. எந்தத் தாள் ஒட்டினாலும் 50 ஹேர்ட்ஸ் காந்த உறுமல் போகாது, அது சிங்கிள் கொயிலின்ர பிறவிக்குணம்.


பரந்தன்_தந்தி எழுதியது:

அண்ணைக்கும் நந்திக்கடல் அக்காவுக்கும் நன்றி. எல்லாம் கழட்டி அளந்தன், கிலோஓமில:

பிறிட்ஜ்: வெள்ளை–கறுப்பு 13.1, மஞ்சள்–கறுப்பு 7.4, வெள்ளை–மஞ்சள் 5.7.
கழுத்து, அதே ஒழுங்கில: 12.4, 7.0, 5.4.
நடு: வெள்ளை–கறுப்பு ஒண்டும் காட்டேல்லை, மஞ்சள்–கறுப்பு 7.1, வெள்ளை–மஞ்சள் ஒண்டும் காட்டேல்லை.

குழியின்ர ஆழம் 38 மில்லிமீற்றர். பொட்டுகள் முட்டேல்லை.


ஈயக்கம்பி எழுதியது:

பிறிட்ஜும் கழுத்தும் கூட்டுக்கணக்குச் சரி. கறுப்பு தொடக்கம், மஞ்சள் இடை, வெள்ளை முடிவு.

நடுப் பிக்கப் சாகேல்லை. தொடக்கத்தில இருந்து இடைவயர் வரைக்கும் 7.1 உயிரோட இருக்கு. வெளிச்சுத்திலதான் அறுவை. பழைய வயரிங்கில வெள்ளை மட்டும்தான் ஹொட், அதாலதான் எந்த நிலையிலயும் சத்தமில்லை.

தேடுற ஒழுங்கு இது. பிக்கப்பின்ர அடித்தட்டில வெள்ளை வயர் ஈயம் பிடிச்ச கண்ணில மீற்றர் முனையை வைச்சு மஞ்சளோட அளவுங்கோ. 5.5 கிட்டக் காட்டினால் கொயில் நல்லது, வெள்ளை வயர்தான் உள்ளுக்கு முறிஞ்சிருக்கு, மாத்திவிட்டால் சரி. அங்கயும் ஒண்டும் இல்லையெண்டால் கண்ணுக்கு வாற மயிர்க்கம்பியை லென்சால பாருங்கோ. வயரைப் பிடிச்சு இழுத்தால் முதல் அறுறது அந்த இடம்தான். முடிவு நுனி கொயிலின்ர ஆக வெளிச்சுத்து எண்டதால மெழுகை மெல்ல இளக்கி ரெண்டு சுத்துக் கழட்டி எடுக்கலாம். பத்தாயிரம் சுத்தில ரெண்டு சுத்துப் போனதைக் காது அறியாது. நுனியில உள்ள எனாமலை மெல்லிய அரத்தாளால ஒரே ஒருக்கா உரசி, அயனில ஒரு சொட்டு ஈயம் வைச்சுக் காட்டினால் பிடிக்கும்.

நுனியும் நல்லா இருந்து, பிறகும் காட்டேல்லையெண்டால் அறுவை இடைவயர் சேருற மூட்டில. அந்த மூட்டுக் கொயிலுக்குள்ள புதைஞ்சு, மேல நாலாயிரம் சுத்து மூடிக்கிடக்கு. அதைத் தோண்ட வெளிக்கிடாதேங்கோ, உயிரோட இருக்கிற 7.1 உம் போகும். மஞ்சளை நேர ஐந்து வழிச் சுவிச்சுக்குக் குடுத்து, வெள்ளையை வெட்டி நுனியில ஹீற் சிறிங் (சூடு காட்டினால் சுருங்குற) குழாய் போட்டு மூடிவிடுங்கோ.


நந்திக்கடல்_வயர் எழுதியது:

அப்பிடி நடு இடைநிலையிலயே நிண்டாலும் நட்டமில்லை, சொல்லப்போனால் எனக்கு அதுதான் விருப்பம். ஐந்து வழிச் சுவிச்சின்ர ரெண்டாம், நாலாம் நிலையில நடுவும் மற்றதும் சேருது. நடுவுக்கு எதிர்த்திசைக் காந்தமும் எதிர்த்திசைச் சுத்தும் எண்டால் உறுமல் ஒண்டையொண்டு வெட்டும். ஆனால் முழுசா வெட்ட ரெண்டிலயும் சுத்துக் கிட்டத்தட்டச் சமனா இருக்கவேணும். இடைநிலையில உங்கட மூன்றும் 7.4, 7.1, 7.0, நல்ல பொருத்தம். 13.1 முழுக் கொயிலோட 7.1 சேர்ந்தால் முழுசா வெட்டாது, மிச்சம் உறுமும். ரெண்டாம் நிலையில உறுமல் கேட்டால் வயரிங் பிழை எண்டு திருப்பிக் கழட்டாதேங்கோ.

திசையைப் பூட்ட முதலே பாக்கலாம். மீற்றரை 20 கிலோஓமில வைச்சு, சிவப்பு முனை மஞ்சளில, கறுப்பு முனை கறுப்பில. ஸ்குரூ டிரைவரைக் காந்தத்தில மெல்ல வைச்சு, சட்டெண்டு மேல எடுங்கோ. எண் ஒருக்கா ஏறியோ இறங்கியோ துள்ளும். மூன்று பிக்கப்பிலயும் ஒரே பக்கம் துள்ளவேணும். ஒண்டு எதிர்ப்பக்கம் துள்ளினால் சேர்ந்த நிலையில சத்தம் மெலிஞ்சு மூக்கால பாடும். சாதாரண ரெண்டு வயர்ப் பிக்கப்பில வயரை மாத்திப் பிடிச்சால் திருந்தும். இதில அந்தக் குறுக்குவழி சரிவராது. முடிவை எர்த்தில போட்டுத் தொடக்கத்தை ஹொட் ஆக்கினால் இடைநிலையில கிடைக்கிறது வெளியில உள்ள 5.7 பகுதி மட்டும், அதோட காந்தத்தை விரல் தொட்டவுடன இரைச்சல் வரும். காந்தத்தைத் திருப்பிறதும் சிங்கிள் கொயிலில விளையாட்டு வேலையில்லை. எதிர்ப்பக்கம் துள்ளினால் இங்க எழுதுங்கோ, ஒண்டையும் வெட்டாதேங்கோ.


மாங்குளம்_மின்னன் எழுதியது:

அக்கா, ட்ரான்ஸ்போமர் கணக்கு விளங்குது. என்ர பேச்சை வாபஸ் வாங்கிறன்.

நடு நேராப் போகுதெண்டால் வேலை பாதியாக் குறைஞ்சிட்டுது. ஒரு இழுக்கிற பொட்டின்ர ஒரு வரிசையில பிறிட்ஜ், மற்ற வரிசையில கழுத்து. ஒரே இழுவையில எல்லாம் இடைநிலை, உறுமல் வெட்டுற நிலை. அமத்தினால் தனிவாசிப்புக்குத் தடிச்ச சத்தம். மற்ற இழுக்கிற பொட் சும்மா டோனா இருக்கட்டும்.

நடு திருந்தி மூன்றையும் ஒரே சுவிச்சில மாத்த ஆசையெண்டால் குறைஞ்சது மூன்று வரிசை வேணும்; நாலு வரிசை, 12 கால் உள்ள நெம்புச் சுவிச் எண்டால் நல்லது. வவுனியாவிலயோ கிளிநொச்சியிலயோ ரேடியோச் சாமான் கடையில ஆறு கால் சுவிச் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், 12 காலுக்குக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போற ஆக்களிட்டச் சொல்லிவிடுறதுதான் வழி. கால் இடைவெளி நெருக்கம், அயன் முனை கூரா இல்லாட்டிப் பக்கத்துக் காலையும் சேர்த்துப் பிடிச்சிடும்.

12 கால் சுவிச்சில நாலாவது வரிசை சும்மா நிக்கும், அதுக்கும் ஒரு வேலை இருக்கு. 13 கிலோஓம் கொயிலுக்கு 250 பொட் கொஞ்சம் மங்கல். வொலியூமை 500 ஆக்கினால் முழுநிலை திறந்து பாடும். ஆனால் இடைநிலை காதைக் கிழிக்கும். நாலாவது வரிசையின்ர நடுக்காலை எர்த்தில போட்டு, இடைநிலையில சேருற ஓரக்காலில இருந்து வொலியூமின்ர உள்வரவுக் காலுக்கு ஒரு 470 கிலோஓம் தடை. 500 உம் 470 உம் சமாந்தரமா 242. முழுநிலைக்கு 500, இடைநிலைக்கு 250 எண்டு தானா மாறும்.


ஈயக்கம்பி எழுதியது:

470 வேலை நல்ல வேலைதான், ஆனால் ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனிச் சுவிச் வைச்சுக்கொண்டு அதைச் செய்யவேண்டாம். ரெண்டு சுவிச் ஒண்டா இடைநிலைக்கு வந்தால் ரெண்டு தடையும் விழுந்து 160 ஆகும், பளிச்சு போயிடும். இப்ப இருக்கிற 250 பொட்டோட ஒருக்காப் பூட்டிக் கேட்டிட்டுப் பிறகு யோசியுங்கோ.

பூட்டி முடிச்சவுடன தட்டை மூட முதல் ஜாக்கில ஒரு கேபிளைக் குத்தி, அம்பில (அம்பிளிஃபையரில) குத்தாமல், மறுநுனியில அளவுங்கோ. வொலியூம் முழுக்கத் திறந்து, பிறிட்ஜ் நிலையில, அமத்தினபடி 12.4 கிட்ட வரவேணும். 250 பொட் சமாந்தரமா நிக்கிறதால 13.1 வராது. இழுத்தால் 7.2 கிட்ட. இழுக்கேக்க 5.6 காட்டினால் இடைவயர் இன்னும் எர்த்திலதான் கிடக்கு. 7.2 சரியா வந்து சத்தம் மட்டும் மங்கல் எண்டால் வெள்ளையும் மஞ்சளும் எங்கயோ ஒட்டியிருக்கு. இழுத்தபடி சுவிச் காலில ரெண்டுக்கும் இடையில அளந்தால் 5.7 வரவேணும், பூச்சியம் வந்தால் ஈயம் தாவியிருக்கு.

பிக்கப் உயரத்தை முழுநிலையில வைச்சுச் சரிபாருங்கோ. கழுத்தின்ர கடைசிக் கட்டையில (பிரெற்) தந்தியை அமத்திப் பிடிச்சு, தந்திக்கும் காந்தத்துக்கும் இடையில பிறிட்ஜில 2 மில்லிமீற்றர், கழுத்தில 2.5. இடைநிலையில சத்தம் குறையுதெண்டு பிக்கப்பை மேல உயர்த்தினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் கட்டைகளில சுருதி அலையும்.


நந்திக்கடல்_வயர் எழுதியது:

சேர்ச் குழு எண்டதால இதையும் சொல்லிவிடுறன். திருநாள் நேரம் வெளிமேடை, ஜெனரேற்றர் எண்டால் எர்த் கம்பி நிலத்தில அடிச்சிருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. கிற்றார் தந்தி, பிறிட்ஜ் எர்த் வயருக்குள்ளால அம்பின்ர உடம்போட சேர்ந்திருக்கு. அம்புக்கு எர்த் இல்லாட்டி, தந்தியில கை வைச்சபடி மைக்கில வாய் படேக்க அடிக்கும். மீற்றரை ஏசி அளவில வைச்சு மைக் வலைக்கும் தந்திக்கும் இடையில பாருங்கோ. ரெண்டு மூன்று வோல்ற்றுக்கு மேல காட்டினால் வாசிக்கவேண்டாம். அதுக்காகக் கிற்றாருக்குள்ள பிறிட்ஜ் எர்த் வயரை வெட்டிவிடுற ஆக்களும் இருக்கினம். அடி நிக்கலாம், உறுமல் இன்னும் கூடும், மேடையில உள்ள பிழை அப்பிடியே கிடக்கும். பிளக்கின்ர எர்த் முனையையும் ட்ரிப் சுவிச்சையும் பாக்கவேணும்.


பரந்தன்_தந்தி எழுதியது:

நடுப் பிக்கப்பின்ர கண்ணில வைச்சு அளந்தன், மஞ்சளோட 5.5 காட்டுது. வெள்ளை வயர்தான் உறைக்குள்ள முறிஞ்சிருக்கு. ஸ்குரூ டிரைவர் சோதனையில மூன்றும் ஒரே பக்கம் துள்ளுது. புது வயர் எந்தத் தடிப்பில போடுறது? பழையதின்ர ஈயத்தை உருக்கேக்க கண்ணில இருக்கிற மயிர்க்கம்பி கழண்டு வராதோ?


ஈயக்கம்பி எழுதியது:

24 நம்பர் பல இழை வயர் காணும், அதைவிடத் தடிப்பு அடித்தட்டுக் கண்ணை இழுக்கும். பழைய வயரை முழுக்க உருக்கி எடுக்கவேண்டாம். கண்ணில இருந்து 10 மில்லிமீற்றர் விட்டு வெட்டி உறையை உரிச்சுப் பாருங்கோ, முறிவு அதுக்கு அங்காலை எண்டால் அந்தக் கட்டையிலயே புது வயரை முறுக்கி ஈயம் பிடிச்சு, ஹீற் சிறிங் போடலாம். முறிவு கண்ணடியிலயே எண்டால் மட்டும் அயனைக் காட்டுங்கோ: புது வயரின்ர நுனிக்கு முதலே ஈயம் பூசி, பழையது இளகின அந்த நேரத்திலயே புதுசை மேல வைச்சு, அயனை எடுத்து, ஈயம் இறுகும்வரை அசையாமல் பிடியுங்கோ. மயிர்க்கம்பி கண்ணில சுத்தி இருக்கிறதால ஈயம் இளகினாலும் தானா வராது, நீங்கள் இழுத்தால்தான் வரும். முடிஞ்சவுடன வயரை அடித்தட்டோட நூலால ஒரு கட்டுக் கட்டிவிடுங்கோ, இனி ஆராவது இழுத்தாலும் பாரம் கட்டில நிக்கும்.